ஹெவி தேவை

செஞ்சியில் மூன்று மலை, மூன்று மலையிலும் கோட்டை, கோட்டை முழுக்கக் குரங்கு. இது வெளியூர்க்காரனுக்கும் தெரியும். அதே செஞ்சியில் தொழில்முறைக் குத்துச்சண்டைப் பேராயம் என்று ஒன்று இருப்பது உள்ளூர்க்காரனுக்கே வெகுநாள் தெரியாது. திண்டிவனம் ரோட்டில், குணபாலன் நயினாரின் மல்லாட்டை மண்டிக்கு மேலே மாடியில் அது நடந்துகொண்டிருந்தது. வேர்க்கடலையை இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

நடந்துகொண்டிருந்தது என்றால் குத்துச்சண்டை நடந்தது என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூட்டம் நடந்தது. தீர்மானம் நடந்தது. பாராட்டு விழா நடந்தது. குத்து ஒன்றுதான் பாக்கி. அதையும் ரிங் வந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று தலைவர் ஜம்புலிங்கம் சொல்லியிருந்தார். ரிங் எங்கேயிருந்து வருகிறது, யார் அனுப்புகிறார்கள் என்று கேட்ட உறுப்பினர் ஒருவர் இப்போது உறுப்பினராக இல்லை.

ஜம்புலிங்கம் பந்தலும் மைக் செட்டும் வாடகைக்கு விடுகிறவர். விழா இல்லாத வாரம் அவருக்குச் சோறு இறங்காது. செயலாளர் சடகோபன் பத்திரம் எழுதிப் பிழைத்தவர். பெண்டாட்டியிடம் காப்பி கேட்பதானாலும் 'மேற்படி காப்பி' என்றுதான் கேட்பார் என்று ஊரில் பேச்சு. இந்த இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு அமைப்பு உண்டாகாமல் என்ன செய்யும்? மாடியை வாடகைக்கு விட்ட குணபாலன் நயினார் மட்டும் யோசித்தார். மேல்சித்தாமூர்ச் சமணக் குடும்பம், எறும்பை மிதிக்கவும் தயங்குகிற மனுஷர். "இடம் தரேன். ஆனா என் கட்டடத்துல ஒருத்தரை ஒருத்தர் அடிக்கக் கூடாது. முட்டை, கறி மாடி ஏறக் கூடாது" என்றார். "அதுக்கென்ன நயினாரே, எங்களுக்கும் அதுதானே கொள்கை" என்று தலைவர் உடனே கையெழுத்துப் போட்டார்.

பேராயத்தில் மற்ற எடைகளுக்கெல்லாம் ஆள் இருந்தது. தலைவருக்கு மச்சான்கள் அதிகம். ஹெவிவெயிட்டுக்கு மட்டும் குடும்பத்தில் உடம்பு இல்லை. ஹெவிவெயிட் இல்லாத பேராயம் மூலவர் இல்லாத கோயில் என்று தலைவர் வருத்தப்பட்டார். சடகோபன் நீளமாக ஒரு விளம்பரம் எழுதினார். 'தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் பிரிவில் பாத்தியதையுடன் பங்கேற்க' என்று அது ஆரம்பித்து எங்கேயோ போய் முடிந்தது. இவ்வளவுக்கும் நோட்டீசில் இடம் பத்தாது என்று அச்சகத்துப் பெண் வெட்டினாள். கடைசியில் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டப்பட்டது இதுதான்: 'செஞ்சியில் ஹெவி தேவை. அனுபவம் உள்ளவர் அசல் ஆவணத்துடன் நேரில் வரவும்.'

செஞ்சியில் ஹெவி என்றால் என்ன என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். லாரி, பஸ் ஓட்டுகிற லைசென்சுக்குப் பெயர் ஹெவி. கார், வேன் ஓட்டுவது லைட்.

பனமலைக்காரன் தனகோட்டி அந்த நோட்டீசைப் பார்த்ததும் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றான். வடநாட்டு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். நல்ல ஆகிருதி. அவன் சீட்டில் ஏறினால் கிளீனர் கதவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் தடவை நாக்பூரிலிருந்து வீடு வந்தபோது மகள் மணிமொழி வாசலில் நின்று, "அம்மா, யாரோ மாமா வந்துருக்காங்க" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டாள். லாரியில் எத்தனையோ பள்ளத்தில் விழுந்து எழுந்தவன் அந்த ஒரு வார்த்தையில் உட்கார்ந்துவிட்டான். இனிமேல் உள்ளூரில் ஓட்டுவது, தினம் வீட்டுச் சோறு, மகளுக்கு நைனா முகம் மறக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். அப்படி முடிவு செய்தவன் கண்ணில்தானா அந்த நோட்டீஸ் பட வேண்டும்?

மாடியில் தலைவரும் செயலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றவனைப் பார்த்ததும் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஹெவியா?" என்றார்.

"ஹெவிதான் சார்."

"எத்தினி வருசமா?"

"மொதல்ல லைட்டுல இருந்தேன் சார். அப்புறம் ஹெவிக்கு மாறிட்டேன்."

சடகோபன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "வெளியூர்ல அடிச்ச அனுபவம் உண்டா?"

"இந்தியா பூரா அடிச்சிருக்கேன் சார். நாக்பூரு, இந்தூரு, டெல்லி. நெல்லூருக்கெல்லாம் அசால்ட்டா அடிச்சிட்டு வந்துடுவேன்."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். நெல்லூர்க்காரர்களுக்காக ஒரு கணம் இரக்கப்பட்டதுபோல் இருந்தது.

"திருப்பி அடிச்சிருக்காங்களா?"

"ரிட்டர்ன் லோடு கெடைச்சா நானே திருப்பி அடிப்பேன் சார்."

"ரொம்ப நேரம் தாங்குவியா?"

"டீ மட்டும் குடுத்தா ரெண்டு ராத்திரி தாங்குவேன்."

இதற்கு மேல் என்ன கேட்க இருக்கிறது? சடகோபன் கை நீட்டினார். "அசல்?"

தனகோட்டி பனியனுக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் உறையில் இருந்த லைசென்சை எடுத்துக் கொடுத்தான். சடகோபன் அதைப் படிக்கவில்லை. பத்திரம் எழுதுகிறவர்கள் பத்திரம் படிக்கிற வழக்கமில்லை. அசலா, நகலா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பீரோவில் வைத்துப் பூட்டினார். பீரோ பூட்டிய சத்தத்தைத் தனகோட்டி வேலை கிடைத்த சத்தம் என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

மறுநாள் காலை வந்தவனுக்கு மாலை விழுந்தது. கையில் உறை மாட்டினார்கள். வாங்கி வந்தவர் அவசரத்தில் இரண்டும் வலது கையாகவே வாங்கிவிட்டதால் இடது கட்டைவிரல் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. படம் எடுத்தார்கள்.

"சார், வண்டி எங்க சார்?" என்றான் தனகோட்டி.

"ஊர்வலத்துக்கா? ஜீப்பு சொல்லியாச்சு" என்றார் தலைவர்.

"ஊர்வலமா? சார், நான் டிரைவர் சார்!"

சடகோபன் சிரித்தார். "அது உன் உபதொழில். பேராயம் ஒருத்தரை ஹெவிவெயிட்டுன்னு பதிவு பண்ணிட்டா அவர் ஹெவிவெயிட்டுதான். பதிவுல தப்பு இருக்கும்னா இந்த நாட்டுல யாருக்கும் நெலமே இருக்காது தம்பி."

அந்தப் பிரிவில் அவன் ஒருவன்தான் இருந்தான். ஒருவன்தான் இருக்கிறான் என்றால் அவன்தானே முதல்? பகலுக்குள் தனகோட்டி சாம்பியன் ஆகிவிட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் கதை தெரியும். இங்கே ஓணான் தானே மாடி ஏறி வந்து வேட்டியைத் தேடி மாட்டிக்கொண்டது.

பட்டம் வாங்கினால் போதுமா, காப்பாற்ற வேண்டாமா? மாதாமாதம் ராஜகிரி அடிவாரத்தில் பட்டம் காக்கும் சடங்கு. மேடை, பந்தல், மைக். தனகோட்டி கை உறையோடு நடுவில் நிற்பான். சடகோபன் மூன்று மலையையும் பார்த்து மூன்று முறை கூவுவார்: "இதில் கண்ட சாம்பியனை எதிர்த்துக் குத்தப் பாத்தியதை உள்ளவர் எவரேனும் இருப்பின் இப்போதே ஆஜராகவும். பின்னிட்டு வரும் குத்துகள் செல்லாது!" ராஜகிரியிலிருந்து யாரும் வர மாட்டார்கள். கிருஷ்ணகிரியிலிருந்தும் வர மாட்டார்கள். சந்திரகிரிக்கு வழியே சரியில்லை. தனகோட்டியின் கையைத் தூக்கி, வென்றார் என்று அறிவிப்பார்கள். ஒரு தடவை குரங்கு ஒன்று மேடை ஏறி அவன் மாலையிலிருந்து ஒரு முழத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. 'எதிராளி ஆஜரானார், எடை போதாமையால் திருப்பி அனுப்பப்பட்டார்' என்று சடகோபன் அதையும் பதிவில் ஏற்றினார்.

சம்பளம் என்று ஒன்றும் இல்லை. முதல் சண்டை முடிந்ததும் பார்க்கலாம் என்றார்கள். சால்வை மட்டும் சேர்ந்தது. பெண்டாட்டி அமலா கீழே நயினார் மண்டியில் மல்லாட்டை உடைத்தாள். மாடியில் அவள் புருஷன் சாம்பியன். பயிற்சி முகாம் என்று அவனை மாடியிலேயே தங்க வைத்துச் சாம்பார் சாதம் போட்டார்கள். முட்டை கேட்டால் நயினார் நிபந்தனையைக் காட்டினார்கள். உலகத்திலேயே பருப்பில் வளர்ந்த ஹெவிவெயிட் சாம்பியன் அவன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

"இன்னாய்யா இது, சால்வையைத் தின்ன முடியுமா?" என்றாள் அமலா. "லைசென்சை வாங்கினு வந்துடு. கூலிக்கு மாரடிச்சாலும் பொழைச்சிக்கலாம்."

"குடுக்க மாட்டன்றாங்கடி."

"கேக்குற மாதிரி கேட்டியா? இம்மாம் பெரிய உடம்பை வெச்சினு?"

அவன் கேட்காமலா இருந்தான்? அந்தச் சமயத்தில்தான் பஸ் முதலாளி பீமாராவ் சொல்லி அனுப்பியிருந்தார். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை ரூட்டில் ஆவணி முதல் முகூர்த்தத்தில் புது வண்டி விடுகிறார். தனகோட்டி கை பதமான கை, அவனுக்குத்தான் வண்டி. "ஆனா அசல் லைசென்சு என் கையில குடுத்தாதான் சாவி. நகல், போன்ல படம், இதெல்லாம் என்கிட்ட ஆவாது" என்றுவிட்டார். பொழுது சாய்ந்தால் வீடு. மகள் தூங்குவதற்குள் வீடு. அதுவரைக்கும் தனகோட்டி அதை ஆசை என்றுதான் நினைத்திருந்தான். பீமாராவ் சொன்ன அன்றைக்குத்தான் அது ஆசை இல்லை, பசி என்று தெரிந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் லைசென்ஸ் தொலைந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தான். தொலைந்ததற்குச் சான்று கொடுத்தால் வேறு லைசென்ஸ் வாங்கலாம். ஏட்டு எழுந்து நின்று கை குலுக்கினார். "சாம்பியன், உங்க லைசென்சைதான் பேராயத்துல பிரேம் போட்டு மாட்டி வெச்சிருக்காங்களே! போன வெள்ளிக்கெழமை நான்தான் மாலை போட்டேன்."

ராஜினாமா செய்கிறேன் என்று தலைவரிடம் போனான். தலைவர் அதிர்ந்து போய் நாற்காலியில் சாய்ந்தார்.

"சாம்பியன் ராஜினாமா பண்ண முடியாது தம்பி. தோக்கணும். எவன் உன்னைத் தோக்கடிக்கிறானோ அன்னைக்கு உனக்கு விடுதலை. வெளிநாட்டுலயும் அதான் ரூல்சு."

"யார் கிட்டயாவது தோக்கறேன் சார். சண்டை வைங்க."

"ரிங் வரலையே?"

"தரையில வெச்சிக்கலாம் சார்."

"தரையிலயா? தொழில்முறை தம்பி இது, தொழில்முறை! தெருவுல குடிச்சிட்டு அடிச்சிக்கிறவனுக்கும் நமக்கும் இன்னா வித்தியாசம்? அவன் அடிச்சிக்கிறான். நாம அடிச்சிக்கல. அந்த வித்தியாசத்தைக் காப்பாத்தத்தான் இந்தப் பேராயமே இருக்குது."

சரி, உடம்பு இருந்தால்தானே ஹெவி என்று யோசித்தான் தனகோட்டி. சாம்பாரையும் நிறுத்தினான். காலையில் மோர், ராத்திரி தண்ணீர். கன்னம் ஒட்டிப்போனது. அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்கவில்லை. எடை பார்க்கும் நாளும் வந்தது. பேராயத்துக்குச் சொந்தத் தராசு கிடையாது. கீழே மண்டியில் மூட்டை நிறுக்கிற தராசில்தான் சாம்பியனை ஏற்றுவார்கள். குணபாலன் நயினாரே நின்று பார்ப்பார். நேர்மையான மனுஷர். தராசில் எது ஏறினாலும் மண்டி வழக்கப்படி சாக்குக்குக் கழிவு கழித்துத்தான் சொல்வார். தனகோட்டியின் அரைக்கால் சட்டைக்கும் கழித்தார்.

"ஹெவிக்குக் கொறையுது. ரெண்டு கிலோ கொறைச்சல்" என்றார் நயினார்.

தனகோட்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தராசை விட்டு இறங்கி நயினார் காலில் விழப் போனான். சடகோபன் கையை நீட்டித் தடுத்தார்.

"நயினாரே, மண்டி வழக்கம்னா முழு வழக்கமும் பாருங்க. ஈர மல்லாட்டைக்கு இன்னா பண்ணுவீங்க?"

"கழிப்போம்."

"நல்லாக் காய்ஞ்ச மல்லாட்டைக்கு?"

நயினார் தயங்கினார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "காய்ச்சல் சரக்குன்னா மூட்டைக்கு இவ்ளோன்னு மேல போட்டுத் தருவோம்."

"இவரைப் பாருங்க. ஈரமா, காய்ச்சலா?"

நயினார் தனகோட்டியின் விலா எலும்பைப் பார்த்தார். உதடு வெடித்திருந்ததைப் பார்த்தார். "காய்ச்சல்தான்" என்றார் வருத்தமாக. காய்ச்சலுக்கு மூன்று கிலோ மேலே போட்டார்கள். ஹெவிவெயிட் நிலைத்தது. அன்று சாயங்காலமே எடை காத்த விழா நடந்தது. சால்வை கனமாக இருந்ததால் தனகோட்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடைசி முயற்சியாக ஒரு ஆளைப் பிடித்து வந்தான். தங்கராஜ், கூட லாரி ஓட்டினவன், இவனுக்குக் கொஞ்சமும் இளைத்தவனல்ல. "மச்சான், நீ வந்து எதிராளின்னு நில்லு. தொட்டாப் போதும், நான் வுழுந்துடறேன். என் லைசென்சு வந்துடும்" என்று கெஞ்சி மாடிக்கு அழைத்துப் போனான். தங்கராஜ் சுவரைப் பார்த்தான். மாலை போட்ட பிரேமுக்குள் சிநேகிதனின் லைசென்ஸ் சாமி படம் மாதிரி தொங்கியது. கீழே ஊதுபத்தி.

"ஹெவியா?" என்று தலைவர் ஆசையாகக் கேட்டார்.

தங்கராஜ் ஓர் அடி பின்வாங்கினான். "லைட்டுதான் சார். எங்கிட்ட லைட்டு மட்டும்தான் இருக்குது" என்றவன் படியில் இறங்குகிற சத்தம் கேட்டது, ஆளைக் காணோம்.

ஆடி பிறந்தது. ஒரு நாள் காலை சடகோபன் தானே பிரேமைக் கழற்றி, துடைத்து, லைசென்சை எடுத்துத் தனகோட்டியின் கையில் வைத்தார். சடகோபனைக் கட்டிக்கொண்டான்.

"நேத்தோட இதுக்குத் தேதி முடிஞ்சிடுச்சு" என்றார் சடகோபன், மூச்சுத் திணறியபடி. "காலாவதியான ஆவணத்தைப் பேராயத்துல வெச்சிருக்க முடியாது. சட்டப்படி தப்பு."

போகட்டும், புதுப்பித்தால் சரி என்று ஓடினான். ஹெவியைப் புதுப்பிக்க டாக்டர் சான்று வேண்டும். கடைவீதிக்குப் பின்னால் இருக்கிற லேடி டாக்டரிடம் போனான். கண்ணைப் பார்த்தார். காதைப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருந்தது. பேனாவைத் திறக்கும் நேரத்தில் மருந்து கொடுக்கிற பெண் எட்டிப் பார்த்து, "மேடம், இவருதான் நம்ம பாக்சிங் சாம்பியன்!" என்றாள். டாக்டர் சந்தோஷமாக அவனோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவிட்டார்.

"பாக்சருக்குத் தலையில அடிபட்டிருக்கும். உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். அத்தனை ஜனத்தை ஏத்திக்கிட்டு ஓட்டறப்ப மயக்கம் வந்தா?"

"மேடம், என் தலையில ஒரு கொசுகூட அடிச்சதில்ல மேடம்!"

"அதை உங்க பேராயத்துலேர்ந்து எழுதி வாங்கிட்டு வாங்க. போட்டுத் தரேன்."

இரண்டே வரி. இன்னாரை இதுவரை யாரும் அடித்ததில்லை. அதைக் கேட்டுத் தனகோட்டி மாடி ஏறினான். தலைவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாரும் அடிக்கலைன்னு எழுதிக் குடுத்தா, அப்புறம் எப்படி சாம்பியன் ஆனான்னு கேப்பான். சண்டை நடக்கலைன்னு ஆவும். சண்டை நடக்கலைன்னா பேராயம் எதுக்குன்னு கேப்பான். பேராயம் எதுக்குன்னு நாங்களே இதுவரைக்கும் கேட்டுக்கிட்டது கெடையாது. நீ கேக்க வெச்சிடுவ போலிருக்குதே!"

"என் பொழப்பு போவுது சார்."

"வேணும்னா ஒண்ணு பண்றோம்" என்றார் சடகோபன் கருணையோடு. "மேற்படியார் பலமுறை தலையில் பலமாக அடிவாங்கியும் நிலைகுலையாதவர்னு எழுதித் தரோம். பெருமையா இருக்கும்."

தனகோட்டிக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவரைக் குத்த வேண்டும்போல் இருந்தது. கை இறுகியது. கீழே மண்டியில் அமலா மல்லாட்டை உடைக்கிற சத்தம் கேட்டது. நயினார் கட்டடம், அவள் வேலை. கையை அவிழ்த்துவிட்டு இறங்கி வந்தான்.

இரண்டு நாள் யோசித்தான். ஆடி கடைசி வெள்ளிக்கிழமை பட்டம் காக்கும் விழா. லேடி டாக்டர் சிறப்பு விருந்தினர். பீமாராவும் மேடையில். ஊரே வரும். மைக் கையில் கிடைத்தால் உண்மையைச் சொல்லிவிடுவது. நோட்டீசைத் தப்பாகப் படித்து வந்த டிரைவர் நான், ஒரு குத்தும் நடக்கவில்லை என்று டாக்டர் காதிலும் முதலாளி காதிலும் ஒன்றாகப் போட்டுவிட்டால், பிறகு ஜம்புலிங்கத்தின் காகிதம் எதற்கு? அவமானம்தான். ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும், மகள் அடையாளம் கண்டுகொண்டால் போதும். அமலாவும், "சொல்லிடுய்யா. வெக்கப்பட்டது போதும்" என்றாள்.

அன்றைக்குத் தலைவர் பேச்சு அமர்க்களமாக இருந்தது. "தேசிங்கு ராஜாவுக்கு அப்புறம் இந்த மண்ணுக்கு வந்த வீரன் தனகோட்டிதான். தேசிங்கு சண்டைக்குப் போனாரு, செத்துட்டாரு. நம்ம ஆளு சண்டைக்கே போவல, இன்னும் ஜெயிச்சினே இருக்காரு. இதுதான் பேராயத்தோட சாதனை!" என்றார். கூட்டம் கை தட்டியது. பிறகு சாம்பியனை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

தனகோட்டி எழுந்து வந்தான். கை உறையோடு மைக்கைப் பிடித்தான்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்குப் பேச வராது. ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். என்னை இதுவரைக்கும் ஒருத்தன்கூட அடிச்சது கெடையாது."

விசில் பறந்தது.

"ஐயோ, அதில்லீங்க. ஒரு அடிகூட என் மேல பட்டதில்லீங்க! பட்டதுன்னு எவனையாவது வந்து சொல்லச் சொல்லுங்க!"

பின்வரிசையில் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். பம்பைக்காரர்கள் யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்தார்கள். தனகோட்டி தொண்டை கிழியக் கத்தினான்.

"நானும் யாரையும் அடிச்சதில்ல! சாமி சத்தியமா எனக்கு அடிக்கவே தெரியாது! நான் டிரைவருங்க! என்னை அடிக்க இங்க ஆளே இல்ல, அதைத்தான் சொல்றேன்!"

தலைவர் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். "கேட்டீங்களா ஜனங்களே! எவ்ளோ பெரிய வீரன், எவ்ளோ தன்னடக்கம்! அவர் வாயாலயே சொல்லிட்டாரு. இவரை அடிச்சிக்க ஆளே இல்ல!"

"அடிச்சிக்க ஆளே இல்ல!" என்று கூட்டம் திருப்பிச் சொன்னது. "அடிச்சிக்க ஆளே இல்ல!" மலையும் அதையே திருப்பிச் சொன்னது.

அவன் சொன்னது அடிக்க ஆளில்லை. ஊர் கேட்டது அடிச்சிக்க ஆளில்லை. நடுவில் ஒரு 'ச்சி'தான் வித்தியாசம். அந்த ஒரு 'ச்சி'யில் மனுஷன் மாட்டிக்கொண்டான்.

கடைசி நம்பிக்கையாக டாக்டரைத் திரும்பிப் பார்த்தான். டாக்டர் கை தட்டவில்லை. கவலையோடு அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இத்தனை மாசமா ஜெயிச்ச சண்டை எதுவுமே உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

"நடக்கவே இல்லீங்க மேடம். ஒண்ணுகூட நடக்கல."

டாக்டர் உச்சுக் கொட்டினார். "நான் நெனச்சதைவிடப் பலமான அடி. நாளைக்கே தலைக்கு ஸ்கேன் எடுத்துடுங்க. ஸ்டியரிங் பக்கமே போவக் கூடாது."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த பீமாராவ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனசு. எழுந்து மைக்கில் அறிவித்துவிட்டார். சாம்பியனுக்கு ஓட்டுகிற பாக்கியம் இல்லாமல் போனாலும், புது வண்டியின் பின்கண்ணாடி முழுக்கச் சாம்பியன் படம்தான். ஆயுசுக்கும் அவருக்கு அந்த வண்டியில் டிக்கெட் கிடையாது.

ஆவணியில் வண்டி வந்தது. சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளவென்று இருந்தது. பின்கண்ணாடியில் தனகோட்டி இரண்டு வலது கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். ஓட்டி வந்தவன் தங்கராஜ். ஹெவி இருக்கிறதா என்று பீமாராவ் கேட்டபோது அவன் இருக்கிறது என்று சொல்லியிருந்தான்.

ஸ்கேனுக்காகத் தனகோட்டி, அமலா, மணிமொழி மூவரும் அந்த வண்டியிலேயே திண்டிவனம் புறப்பட்டார்கள். வண்டியில் நிற்க இடமில்லை. ஆனால் அவனைப் பார்த்ததும் ஜனம் பிளந்து வழிவிட்டது. டிரைவருக்குப் பக்கத்து ஒற்றை சீட்டில் இருந்த பெரியவர் எழுந்து துண்டால் தட்டிவிட்டு, "உக்காருங்க சாம்பியன்" என்றார். வேண்டாம் என்றால் விடவில்லை, பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். மகளை மடியில் வைத்துக்கொண்டான். அமலா கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். தங்கராஜ் இவன் முகத்தைப் பார்க்காமல் கியரைப் போட்டான்.

ஊரைத் தாண்டியதும் வண்டி வேகம் எடுத்தது. எதிரே செங்கல் லாரி ஒன்று தாறுமாறாக வந்தது. பிறகு ஒரு ஸ்பீடு பிரேக்கர், பிறகு ஒரு ஆட்டு மந்தை. அமலா குனிந்து புருஷன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்யா, காலை தரையில வெச்சி அந்த அமுக்கு அமுக்குற? குத்துதா?"

"இல்லடி" என்றான் தனகோட்டி. "பிரேக்கு."